இல்லாத மானிட்டர்ல வீடியோ எடுங்க சாமிகளா!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் புலம்பல். பொறுத்துக்குங்க மக்களே.

நம்மள்ல பலபேரு இப்போ எழுதுறதோட நிறுத்தாம, கம்ப்யூட்டர் திரையை வீடியோவா எடுத்தும் போட ஆரம்பிச்சாச்சு. நானும் தமிழ்99ல தட்டச்சறது எப்படின்னு 12 நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்துப் போட்டேன். எடுத்தது என்னோட நிஜ டெஸ்க்டாப்பை, முழுத்திரையா. ஏழாவது நிமிஷத்துல வலது மேல் மூலையில அக்காகிட்டேருந்து ஒரு மெசேஜ் வந்து 4 செகண்ட் நின்னுட்டுப் போயிருக்கு. "ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டார்டா. அம்மாகிட்ட இப்ப சொல்லாதே."

எடுக்குறப்பவும் பாக்கலை. எடிட் பண்றப்ப ரெண்டு தடவை ஓட்டியும் பாக்கலை. கண்ணு மவுஸ் அம்பு பின்னாடியேதான் போகுது. ஆனா நான் போடுற வீடியோவை ஒண்ணுவிடாம பாக்குற ஒரே ரசிகை எங்க அம்மா. அவங்க பாத்துட்டாங்க. நிறுத்திப் படிச்சுட்டு நேரா அக்காவுக்குப் போன் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நடந்ததை எழுத மனசு வரலை. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு அக்கா இப்ப நல்லா இருக்கா. எங்கிட்ட மூணு வாரம் பேசலைங்கறது தனிக்கதை.

இதைக் கேட்டவங்க எல்லாம் சொன்னது ஒண்ணேதான்: "நோட்டிஃபிகேஷனை அணைச்சு வெச்சிருக்கலாமேப்பா!" வெச்சிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஞாபகமா அணைக்கணும். அதோட தீராது. பிரவுசர்ல முகவரி அடிக்க ஒரு எழுத்து தட்டினாலே நேத்து எங்கெங்க போனோம்னு பட்டியல் விழும். டெஸ்க்டாப்ல கிடக்குற கோப்புப் பேரு எல்லாம் தெரியும். திரையைப் படம் பிடிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு வீட்டையே படம் பிடிக்கிறோம். என் கட்சி என்னன்னா, நிஜத் திரையை ரெக்கார்ட் பண்றதையே விட்டுடணும்.

அப்புறம் எதை எடுக்கறது? இல்லாத திரையை!

லினக்ஸ்ல இது ரொம்ப பழைய சமாச்சாரம். எக்ஸ் விண்டோ முறையில திரைங்கறது ஒரு சர்வர் தர்ற சேவை, அவ்ளோதான். பின்னாடி நிஜமா மானிட்டர் இருக்கணும்னு அவசியமில்லை. எக்ஸ்விஎஃப்பின்னு ஒண்ணு இருக்கு. படத்தை மெமரியிலேயே வரைஞ்சு வெச்சுக்கும். 1280க்கு 720 திரைக்கு, ஒரு புள்ளிக்கு 4 பைட்டுன்னு வெச்சா, மொத்தமே மூன்றரை எம்.பி. சொச்சம்தான். அதுக்கு 99ன்னு ஏதாவது ஒரு எண் கொடுத்து கிளப்பிவிட்டு, எஃப்எஃப்எம்பெக்கை அந்த எண்ணைப் பாத்துப் பதிவு பண்ணச் சொன்னா வேலை முடிஞ்சது. ஆனா எக்ஸ்விஎஃப்பி தானா ஓடுற வேலைக்குத்தான் சரி. அதை நாம கண்ணால பாக்க முடியாது. கையால செஞ்சு காட்டணும்னா அதோட பங்காளி எக்ஸெஃபிர் இருக்கு. உள்ளே ஒரு தனித்திரை, வெளியே நமக்கு அது ஒரு சாதா விண்டோ. அந்த விண்டோ மேல அக்கா மெசேஜ் வந்து மறைச்சாலும் உள்ளே இருக்குற திரையில விழாது. எனக்கு வேண்டியது இதுதான்!

முதல் நாள் சும்மா விடலை. உள்ளே விண்டோவை நகர்த்தக்கூட முடியலை, ஏன்னா விண்டோ மேனேஜரே ஓடலை. ஓப்பன்பாக்ஸ் போட்டேன். அடுத்து, தமிழ் தட்டச்சு வீடியோ எடுக்கப்போன இடத்துல தமிழே வரலை (ஹி ஹி). ஐபஸ் ஒவ்வொரு திரைக்கும் தனியா ஓடணும்னு புரியவே ஒரு மணி நேரம் ஆச்சு. ஃபயர்ஃபாக்ஸை புது புரொஃபைல்ல திறக்கணும், அது நல்லதுதான், பழைய வரலாறு எதுவும் எட்டிப் பாக்காது. வேலண்ட் ஓட்டுறவங்க கவனிங்க: எக்ஸெஃபிர் அங்கேயும் ஓடும், ஆனா வேலண்ட் டிஸ்பிளேங்கற சூழல் மாறியை நீக்கிட்டு நிரலைக் கிளப்புங்க. இல்லேன்னா அது நைசா நிஜத்திரையில போய் உக்காந்துக்கும்.

வேலண்ட் வந்து ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைக் கெடுத்துடுச்சுன்னு திட்டுறவங்க உண்டு. நானும் திட்டினவன்தான். பழைய எக்ஸ்ல எந்த நிரலும் கேட்காம கொள்ளாம மொத்தத் திரையையும் படிச்சுக்கலாம். வேலண்ட்ல பொதுவா எதைக் காட்டட்டும்னு ஒரு கேள்வி வருது. அக்கா விஷயத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சுப்போச்சு.

விண்டோஸ் ஆட்கள் வருத்தப்பட வேணாம். 2016ல வந்த 1607 பதிப்புலேருந்து விண்டோஸ் 10ல மெய்நிகர் திரைக்கான டிரைவருக்கு வழி இருக்கு. இல்லேன்னா எச்டிஎம்ஐ ஓட்டையில செருகுற டம்மி பிளக். அங்கே ஒரு மானிட்டர் இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிடும். ஓபிஎஸ்ல அந்தத் திரையை மட்டும் தேர்ந்தெடுங்க. ஆனா அது அதே டெஸ்க்டாப்போட நீட்சிதான், அதே பிரவுசர், அதே வரலாறு. எக்ஸெஃபிர் அளவுக்கு சுத்தம் கிடையாது. "ஒரே ஒரு விண்டோவை மட்டும் எடுத்தா போதாதா?"ன்னு கேப்பீங்க. பல நேரம் போதும். ஆனா கீழே விரியுற மெனு சில சமயம் அதுல விழாம போயிடும், பாக்குறவங்க எதைக் கிளிக் பண்ணினோம்னே தெரியாம முழிப்பாங்க.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். சத்தம் இதுல சேராது. திரைதான் தனி, ஸ்பீக்கர் ஒண்ணுதான். போன வாரம் எடுத்த வீடியோவுல படம் பளிச்சுன்னு சுத்தம், நடுவுல மட்டும் "டிங்". அம்மா போன் பண்ணி, "அது யாரு மெசேஜ்?"னு கேட்டாங்க.

டிஸ்கி: கட்டளை எல்லாம் இங்கே கொட்டலை. வேணும்னா கேளுங்க, தனிப்பதிவா போட்டுடலாம் :-)