இரண்டு குரூப் போட்டோக்கள்

சென்ற மாதம் என் பெரிய மகளுக்குப் பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கியை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு மேடை ஏறினாள். ப்ளஸ் டூவோடு நின்றவள் நான். எங்கள் வீட்டுப் பெண்களில் இவள்தான் முதல் பட்டதாரி. அதனால் அங்கேயே கொஞ்சம் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாளும் அழுதார், ஆகையால் வெட்கமாக இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டோவுக்கு இடம் தேடியபோது அலமாரியில் முதல் வருடத்தில் எடுத்த குரூப் போட்டோ கிடைத்தது. இதையும் கடைசி வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சும்மா எண்ணிப் பார்த்தேன். முதல் படத்தில் 38 பேர். இரண்டாவதில் 27.

"ஏண்டி, மீதிப் பேர் அன்னிக்கு லீவா?" என்றேன்.

"லீவா? படிப்பையே விட்டுட்டாங்கம்மா" என்றாள், சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்தக் கல்லூரி வாசலில் "பி.காம். தேர்ச்சி 93 சதவீதம்" என்று தட்டி வைத்திருந்ததை அன்று காலைதான் பெருமையாகப் படித்துவிட்டு வந்திருந்தேன். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம். கடைசிப் பரீட்சை எழுதியவர்கள் 27 பேர், தேறியவர்கள் 25 பேர். 93 சரிதான். பொய் இல்லை. ஆனால் சேர்ந்த 38 பேரை வைத்துப் பார்த்தால் 66. வடாம் பிழிகிறோம், காக்கை கொத்தியது, காற்றில் பறந்தது, எடுக்கும்போது உடைந்தது எல்லாம் போக, டப்பாவுக்குள் விழுந்ததை மட்டும் எண்ணி 'அநேகமாக ஒன்றுமே வீணாகவில்லை' என்று மாமியாரிடம் சொன்னால் ஒப்புக்கொள்வாரா?

நம் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருபவர்கள் அதிகம் என்று பெருமையாகச் சொல்கிறோம். நியாயமான பெருமைதான். 2021-22-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் இங்கே நூற்றுக்கு 47; இந்தியா முழுவதற்கும் 28.4. ஆனால் இது உள்ளே இருப்பவர்களின் கணக்கு. முடித்து வெளியே வந்தவர்களின் கணக்கு இல்லை. அமெரிக்காவில் 1990-ல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டார்களாம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கல்லூரிகள் சொல்லியாக வேண்டும். நாலு வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடித்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாம். என் தம்பி மகன் சொன்னான். நம் ஊரிலும் 2016-லிருந்து என்.ஐ.ஆர்.எஃப். என்று கல்லூரிகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறார்கள். அதில் கலந்துகொள்ளும் கல்லூரி, முதல் வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்ணைச் சேர்க்கப் போகும்போது ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பஸ் எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்கிறோமே, இதையும் கேட்கலாம். "போன தடவை சேர்ந்ததில் எத்தனை பேர் முடிச்சாங்க சார்?" அவ்வளவுதான்.

சரி, அந்த 11 பேர் எங்கே போனார்கள்? மகள் படத்தில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். நாலு பேருக்குக் கல்யாணம். இரண்டு பேர் திருப்பூருக்கு வேலைக்கு. ஒருத்திக்கு அப்பா தவறிவிட்டார். இரண்டு பேர் நர்சிங் கிடைத்து மாறிப் போனார்கள். அவர்களை நஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது. (அதில் ஒருத்தியிடம், மீதி வருடங்களுக்கும் ஃபீஸ் கட்டினால்தான் சான்றிதழ் என்று ஆபீஸில் இழுத்தடித்தார்களாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) ஒருத்தியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பாக்கி இருந்த ஒருத்தியைக் காட்டும்போது மகளின் குரல் இறங்கிவிட்டது. பள்ளியில் தமிழ் மீடியத்தில் முதல் மாணவியாம். கல்லூரியில் புத்தகம், பாடம், பரீட்சை எல்லாம் இங்கிலீஷ். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பின் பெஞ்சுக்குப் போய், முதல் டெஸ்டில் மார்க் குறைந்து, தலைவலி என்று லீவு போட ஆரம்பித்து, பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. ஏழேகால் பஸ்ஸைப் பிடிக்க ஒரு நாளும் காலையில் சாப்பிட்டு வந்ததில்லையாம். அந்தத் தலைவலியில் பாதி அதனால்தானோ என்னவோ. அந்த முதல் நாலைந்து மாதம்தான் கண்டம். அதற்குள் பாடத்தில் ஒரு பிடிப்பும் கூட உட்கார ஒரு தோழியும் கிடைத்துவிட்டால் பெண் நின்றுவிடுவாள்.

மற்றவர்களைச் சொல்கிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் அலைந்தேன். "ரெண்டு நாள் இருந்து சமையலைப் பார்த்துக்கோடி" என்று இவளை நிறுத்தினேன். இரண்டு நாள் 19 நாள் ஆயிற்று. வேலைக்குப் போகும் என் மகனை ஒரு நாள்கூட நிறுத்தத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

ஏற்கெனவே காய்ச்சல், உறவில் கல்யாணம் என்று ஆறு நாள் போயிருந்தது. பருவத்துக்கு 90 வேலை நாளில் 25 நாள் போனால் வருகை 72 சதவீதம். வேண்டியது 75. இந்த அளவு குறைந்தால் பணம் கட்டி, காரணம் எழுதிக் கொடுத்துப் பரீட்சை எழுதலாம். இன்னும் குறைந்தால் அந்தப் பருவப் பரீட்சையே எழுத முடியாது. 'அரியர் விழுந்துடும்மா, நான் நின்னுடறேன்' என்று இவள் ஒரு ராத்திரி சொன்னாள். சொன்னதும் எனக்குள் ஒரு பகுதி, 'சரி, வீட்டுக்கு ஆளாச்சு' என்று நினைத்தது. மறைத்து என்ன பயன்?

மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியை போன் செய்தார். "என்னம்மா, பாட்டிக்கு இப்ப எப்படி இருக்கு? இவளை நாளைக்கு அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். சின்னக் கல்லூரி, ஐந்தே டிபார்ட்மெண்ட். பெரிய லைப்ரரி கிடையாது, மைதானம் பேருக்குத்தான். ஆனால் எந்தப் பெண் எத்தனை நாளாக வரவில்லை, அவள் பாட்டிக்கு எந்தக் கால் என்பது வரை அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு போன் வராவிட்டால் போட்டோவில் 26 பேர்தான் இருந்திருப்பார்கள்.

பணத்தால் நிற்கும் பெண்களுக்கு ஓரளவு வழி பிறந்தது. 1989-ல் ஆரம்பித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் முன்பு கல்யாணத்துக்கு உதவி செய்தது. 2022-ல் அதைப் படிப்புக்குத் திருப்பினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே. 'புதுமைப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். வகுப்பில் பல பேருக்குப் பஸ்ஸும் ஜெராக்ஸும் அதில்தான் நடந்ததாம். ஆனால் பாட்டி விழுந்தால் யார் சமைப்பது, குழந்தை பிறந்தால் யார் பார்ப்பது என்பதற்கு எந்தத் திட்டமும் கையில் பணம் கொடுத்துவிட முடியாது.

இதை எழுத வைத்ததே எங்கள் எதிர் வீட்டு மருமகள்தான். கல்யாணமாகிப் போன அந்த நாலு பேரில் ஒருத்தி. என் மகளின் வகுப்புத் தோழி எங்கள் தெருவுக்கே வாழ வந்தாள்! நாலு பருவம் முடித்துவிட்டாள். ஒரு அரியர்கூட இல்லை. மசக்கையில் நின்றது. மாணவிகளுக்குப் பிரசவ விடுப்பும் வருகையில் சலுகையும் கொடுக்க விதி வகுக்கும்படி யு.ஜி.சி. 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருந்தது. அது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆபீஸில் கேட்கவும் இல்லை. இப்போது குழந்தைக்குப் பத்து மாதம். விட்ட இடத்திலிருந்து சேர மனுப் போடலாம் என்று அதே ஆசிரியை சொல்லி, படிவமும் கொடுத்தனுப்பினார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே அவள் மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். கெட்டவர் இல்லை. முழங்கால் வலி, கண் பார்வை குறைவு. "ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் புள்ளையை யாரு பாக்குறது? நீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா அக்கா, நான்தான். எங்க வீட்லதான் தூளி கட்டின கொக்கி இன்னும் இருக்கே" என்றேன்.

சிரித்தார். காபி கொடுத்தார். பதில் சொல்லவில்லை. படிவம் அவர்கள் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் போகலாம் என்றிருக்கிறேன்.