கேள்விக்கு ரிக்கெற் போடாதேங்கோ

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து யாழ்ப்பாணம் - பருத்தித்துறை பஸ்களுக்கு ஒரு ஆப் செய்தம். ஜிராவில ஐம்பதுக்கு மேல ரிக்கெற். லொகின், வரைபடம், அறிவித்தல், கறுப்புத் திரை எண்டு மூண்டு மாசத்தில கிட்டத்தட்ட எல்லாம் ‘முடிந்தது’ பக்கத்துக்குப் போச்சு. பிறகுதான் நெல்லியடியில பஸ்ஸுக்கு நிண்ட ஒரு அம்மாவிட்டைக் காட்டினம். “தம்பியவை, பகலில எப்பிடியும் ஒரு பஸ் வரும். ரியூசன் முடிஞ்சு வாற பிள்ளைக்குக் கடைசி பஸ் இருக்கோ இல்லையோ எண்டதுதான் எனக்குத் தெரியவேணும்” எண்டு சொன்னா.

அந்த விசயமும் எங்கட ஜிராவில இருந்தது. ‘கடைசி பஸ்?’ எண்டு பட்டியலின்ர அடியில கிடந்தது.

ரிக்கெற் எண்டால் ஒரு வாக்குறுதி: இதைச் செய்யப்போறம், இன்னார் செய்வினம், இப்பிடி இருந்தால் முடிஞ்சுது. ‘கடைசி பஸ்?’ ஒரு கேள்வி. கேள்வியையும் வாக்குறுதியையும் ஒரே வரிசையில விட்டால், சுலபமாக முடிக்கக்கூடியதுதான் முன்னுக்குப் போகும். லொகினை ஒரு கிழமையில முடிக்கலாம். கேள்விக்கு வெயிலில போய் நிக்கவேணும்.

இது எங்கட பிரச்சினை மட்டுமில்லை. ஜிராவைச் செய்த அற்லாசியன் நிறுவனமே யோசனைகளுக்கெண்டு ‘ஜிரா புரொடக்ட் டிஸ்கவரி’ எண்ட தனிக் கருவியை 2023 இல பொதுப் பாவனைக்கு விட்டது. அங்க யோசனை தனியாக இருக்கும். செய்யிறதெண்டு முடிவானால் ஜிரா ரிக்கெற்றோட இணைக்கலாம். கோட் எழுதுறவருக்கு ‘ஏன் இதைச் செய்யிறம்’ எண்டதும் தெரியும்.

எதை எங்க போடுறது? எங்கட அளவுகோல் ஒண்டுதான்: ‘வேண்டாம்’ எண்டு முடிவெடுக்க இன்னும் இடமிருந்தால் அது கேள்விப் பலகைக்கு. ஆருக்கு, ஏன் எண்டு தெரிஞ்சு, செய்யிறதெண்டு ஒத்துக்கொண்டால் வேலைப் பலகைக்கு. பரீட்சித்துப் பார்க்க எழுதி எறியிற கோட், கோட் எண்டாலும் கேள்விப் பக்கம்தான். ஆப் செயலிழந்தால் அது நேரே வேலைப் பக்கம். ஆனால் பத்துப் பேர் ஒரே பொத்தானைப் பிழையாக அமத்தினால், அது கேள்வியாகத் திரும்பி வரவேணும்.

“ஜிராவில இல்லாத வேலையை ஒருத்தரும் செய்யமாட்டினம்” எண்டு எங்களுக்குள்ளேயே ஒரு வாதம் வந்தது. உண்மைதான். அதனால கேள்விக்கும் ஒரு பெயரும் ஒரு நாளும் போடுறம். “நாலு பேருக்கு ரெண்டு கருவியோ?” எண்டும் கேட்டினம். காசு குடுத்து வாங்கத் தேவையில்லை. ஒரு கூகுள் ஷீற்றோ, சுவரில ஒட்டின பிறிஸ்டல் போர்டோ காணும். பிரிச்சு வைக்கிறதுதான் முக்கியம்.

யாழ் ஐ.ரி. ஹப் 2012 இல யாழ் கீக் சலஞ்ச் போட்டியைத் தொடங்கினது. அதுக்குப் பிறகு இஞ்ச ஆப் செய்யிற பெடியள், பெட்டையள் கூடிக்கொண்டுதான் வருகினம். எங்களுக்குக் கோட் எழுதத் தெரியும். வகுப்பும் வேலையும் போக மிஞ்சிற பின்னேரங்கள்தான் எங்கட முதல். அதை ஆரும் கேக்காத கறுப்புத் திரைக்குச் செலவழிக்க ஏலாது.

‘கடைசி பஸ்?’ இப்ப எங்கட கேள்விப் பலகையில முதலாவது. சனம் குறைஞ்சால் அந்த பஸ் முழுத்தூரமும் ஓடுமோ எண்டு சாரதி, நடத்துனர்மாரோட கதைக்கவேணும். அதுவரைக்கும் அதுக்கு ரிக்கெற் இல்லை.