நிரல் சொல்லாமல் சாகலாமா?

பைத்தானில் எழுதிய சாளர மென்பொருள் திடீரென மறைகையில், அதன் கடைசிச் சொல்லும் உடன் மறைவதே துயரம். விண்டோசில் பைத்தான்டபிள்யூ வழி இயங்கும் நிரலுக்கு முனையத் திரை இல்லை. பிழைச்செய்தி போக்கிடமின்றித் தொலைகிறது. அதில் அத்தியாயம் தட்டெழுதிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பைக்யூட்டி, 2015-இல் வந்த 5.5 பதிப்பு முதல், கையாளப்படாத பிழை நேர்ந்தால் நிரலையே நிறுத்துகிறது. கொடுமையெனத் தோன்றலாம், நாம் ஆதரிக்கிறோம். சிதைந்த நிலையில் ஓடிக் கோப்பையும் கெடுப்பதைவிட இது மேல். (பிழைகளை 'எக்ஸெப்ட்: பாஸ்' என்று விழுங்குவோரை என்ன சொல்ல!) ஆனால் சாகுமுன் பேசவிட வேண்டாமா? சிஸ்.எக்ஸெப்ட்ஹுக்கில் நான்கு வரி எழுதினால் பிழைத்தடம் கோப்பில் பதியும். வரைவையும் காத்துவிட்டு வெளியேறலாம். அடியிலுள்ள சி நூலகத்தில் நிரல் வீழ்ந்தால் இது உதவாது. அதற்கு 2012 முதல் ஃபால்ட்ஹேண்ட்லர் உண்டு. தொடக்கத்திலேயே, எழுதக் கோப்பொன்றையும் கொடுத்து, இயக்கிவிட வேண்டும்.