எந்தப் பட்டறையில் பிறந்த கார்?

திண்டுக்கல் பூட்டு என்றால் நாடெங்கும் பெயர். 2019ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல பட்டறைகளில் பூட்டுச் செய்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்று போல இருக்கும். ஆனால் பூட்டு மக்கர் செய்தால், "இது எந்தப் பட்டறை?" என்றுதான் முதலில் கேட்போம்.

காருக்கும் இதே கேள்வி உண்டு.

ஒரு பெயர் கொண்ட கார் எல்லாம் ஒரே ஊரில் தயாராவதில்லை. மாருதி கம்பெனி 1983ல் அரியானாவில் உள்ள குர்கானில் கார் செய்யத் தொடங்கியது. பிறகு மானேசரிலும், குஜராத்தில் ஹன்சல்பூரிலும் தொழிற்சாலைகள் வந்தன. பெலினோ என்ற கார் 2015ல் மானேசரில் தயாரானது. 2017 முதல் ஹன்சல்பூரிலும் தயாரானது. ஹூண்டாய் கம்பெனி 1998 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. 2025ல் புனே அருகே தளேகாவிலும் தொடங்கிவிட்டது.

திண்டுக்கல் கடைவீதியில் நிற்கும் காரைப் பார்த்து, அது எங்கே பிறந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. அதைச் சொல்வது சேஸிஸ் நம்பர்தான்.

17 இடங்கள்

சேஸிஸ் நம்பரில் 17 இடங்கள் உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். உலக நாடுகள் பலவற்றுக்கும் இது பொதுவான முறை.

முதல் மூன்று இடங்கள் நாட்டையும் கம்பெனியையும் காட்டும். மாருதிக்கு எம்.ஏ.3. ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல். நடுவில் உள்ளவை வண்டியின் வகையைச் சொல்லும். கடைசியில் வருவது வரிசை எண்.

ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகளை மட்டும் பயன்படுத்துவதில்லை. ஏன்? அவை ஒன்று, பூஜ்யம் போலத் தோன்றிக் குழப்பும்.

இங்கேதான் தொழிற்சாலைப் பிரச்சினை வருகிறது. இரண்டு ஊர்த் தொழிற்சாலைகளும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால், இரண்டு கார்களுக்கு ஒரே நம்பர் வந்துவிடும். 30 வருஷத்துக்குள் எந்த இரண்டு வண்டிக்கும் ஒரே நம்பர் வரக்கூடாது என்பது சர்வதேச விதி. ஆகவே தொழிற்சாலைக்கு ஓர் அடையாள எழுத்து தருகிறார்கள். அல்லது வரிசை எண்ணைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நமக்கு என்ன லாபம்?

"நம்பர் எப்படி இருந்தால் எனக்கென்ன? வண்டி ஓடினால் போதும்" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு.

2023 ஜனவரியில் மாருதி கம்பெனி 17,362 கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. விபத்து நேரத்தில் உயிர் காக்கும் காற்றுப் பையை இயக்கும் கருவியில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம். 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான கார்கள் மட்டுமே அதில் சேர்ந்தவை. அந்தக் காரா, இந்தக் காரா என்று பிரித்துக் காட்டியது சேஸிஸ் நம்பர்தான். இலவசமாகவே கருவியை மாற்றித் தந்தார்கள். நம்பரைப் பார்க்காமல் இருந்தவருக்கு எவ்வளவு ஆபத்து!

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சீட்டுக் கட்டியும், நகையை அடகு வைத்தும் கார் வாங்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. வாங்கியது திருட்டு வண்டி என்றால், வண்டியும் போகும்; பணமும் போகும். ஆகவே பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இரும்பில் அடித்திருக்கும் நம்பரைப் பாருங்கள். அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். 17 எழுத்தும் காகிதத்தில் விழும். அதை ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அரம் தேய்த்த தடமோ, கோணலான எழுத்தோ இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சேஸிஸ் நம்பரும், தயாரித்த மாதமும் வருஷமும் வண்டியில் பதிந்திருக்க வேண்டும். இது நல்ல விதி. ஆனால் மாதத்தைக் காட்டும் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. சாதாரண மனிதர் எப்படிப் படிப்பார்?

அமெரிக்காவில் 11வது எழுத்து தொழிற்சாலையைக் குறிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே இடம். அதனால் குழப்பம் இல்லை.

இங்கேயும் அப்படிச் செய்யலாம். நம் ஆர்.சி.யில் மாதம் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் ஊரின் பெயர் மட்டும் இல்லை. அதையும் ஒரு வரி சேர்த்தால் என்ன? பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கார் விற்கும்போதே, நம்பரைப் படிக்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறோம். வாங்கிய பொருள் எந்த ஊரில், எந்த மாதம் செய்தது என்று அறிய நமக்கு உரிமை உண்டு. போக்குவரத்து இலாகா இதைக் கவனிக்குமா?