கூட்டாளிக்கும் காப்பு வேண்டும்

புத்ராஜெயா உருவானபோது தோட்டங்களை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குப் பெயர்ந்தவை நம் குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகள் சொந்தத் தொழிலில் இறங்குவது நல்லதே. ஆனால், நண்பர்கள் இருவர் சேர்ந்து பட்டறையோ உணவுக்கடையோ திறக்கும்போது, வேலையில் தங்களுக்கு அடிபட்டால் யார் பார்ப்பது என்று யோசிப்பதில்லை.

1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவரையே காக்கிறது. 2018 ஜூலையில் முதலாளியின் வாழ்க்கைத்துணையும் 2019 ஜனவரியில் அந்நியத் தொழிலாளியும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் காப்புக்குள் வந்தார்கள். வணிகக் கூட்டாளியோ அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். ஒரே லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தாலும், கைநசுங்கிய ஊழியருக்கு இழப்பீடு உண்டு, கூட்டாளிக்குக் கிடையாது.

அவருக்கான வழி, 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம். வாடகைக் கார் ஓட்டுநர்களோடு தொடங்கிய அது, 2020 முதல் 20 துறைகளுக்கு விரிந்தது. சந்தா, தேர்ந்தெடுக்கும் வருமான அளவில் 1.25 விழுக்காடுதான்.

வணிகத்தைப் பதிவுசெய்யும் முகப்பிலேயே சொக்சோ பதிவையும் முடிக்கும் ஏற்பாட்டை அரசாங்கம் செய்ய வேண்டும். நம் வணிகச் சங்கங்களும் உறுப்பினர்களின் சந்தாவை ஆண்டுதோறும் சரிபார்க்கட்டும். லாபத்தைப் பிரிக்க ஒப்பந்தம் எழுதும் கூட்டாளிகள், விபத்துக் காப்புக்கும் அதில் ஒரு விதி சேர்ப்பதே விவேகம்.