செடிக்கும் அளவு உண்டு

காலைத் திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில் தோட்டத்து பம்ப்பை நிறுத்த மறப்பது பல இல்லங்களில் நிகழ்வதே. தொட்டிச் செடிகள் நீரின்றி வாடுவதினும் நீர் மிகுந்து வேரழுகி மடிவதே அதிகம் என்பது நம் கருத்து.

1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்த 555 என்னும் டைமர் ஐ.சி. இன்றும் சில ரூபாய்க்கே கிடைக்கிறது. மோனோஸ்டேபிள் முறையில் அதனுடன் 100 கிலோ ஓம் மின்தடையும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இணைத்துவிட்டால், பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் ரிலே ஏறக்குறைய 110 வினாடிகள் பம்ப்பை ஓட்டித் தானே நிறுத்தும். மின்தடையை இரட்டித்தால் காலமும் இரட்டிக்கும். ரிலேச் சுருளின் குறுக்கே டையோடு ஒன்றை எதிர்த்திசையில் இணைக்கத் தவறலாகாது, தவறினால் ஐ.சி. பழுதாகும். மணிக்கணக்கான இடைவெளிக்கு இச்சுற்றை நம்புவதற்கில்லை. மின்தேக்கியின் கசிவு கணக்கைக் குலைத்துவிடும்.

தொட்டிகளுக்கு 12 வோல்ட் சிறு பம்ப்பே போதும். 230 வோல்ட் மோட்டாரை இணைப்பது மின்பணியாளரின் வேலை; ஆர்வமிக்க பள்ளிப் பிள்ளையின் வேலையன்று.