ஓடாத வண்டியின் விலை

அமெரிக்காவில் முதன்முறையாகப் பழைய மோட்டார்ஹோம் வாங்கப் புறப்படுகிறவரை விற்பவர் வீழ்த்துவது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தால்தான்: ‘பத்து வருட வண்டி, 15,000 மைல்தான் ஓடியிருக்கிறது.’ கார் வாங்கிப் பழகிய மனம் அந்த எண்ணில் மயங்கிவிடுகிறது. அந்த மயக்கத்தையே நாங்கள் இங்கு மறுக்க விரும்புகிறோம். மோட்டார்ஹோமைப் பொறுத்தவரை குறைவாக ஓடியது என்பது நற்சான்று அல்ல. பல நேரங்களில் அது கவனிப்பாரற்றுக் கிடந்ததன் அடையாளம்.

பூட்டிக் கிடக்கும் வீடு எப்படிப் பாழாகும் என்பதை நாம் அறிவோம். இதுவும் வீடுதான், சக்கரங்கள் மேல் நிற்கிறது என்பதைத் தவிர. டயரின் பட்டன் புதிது போலிருக்கும்; பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருக்கும். அதில் பொறித்த எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. மைல் கணக்கைவிட இந்த ஜாதகம் நம்பகமானது. மாதக்கணக்கில் இயக்காத ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசின்போல் படிந்திருக்கும். குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்க மறந்திருந்தால் குழாய்கள் உறைந்து வெடித்திருக்கும்.

இவையெல்லாம் செலவழித்தால் சரியாகக்கூடியவை. மழைநீர் அப்படியல்ல. கூரையின் இணைப்புகளிலும் காற்றுத் துளைகளைச் சுற்றியும் பூசிய பசை வெயிலில் விரிசல் விடும். நீர் கசிந்து சுவருக்குள் இறங்கும். உள்ளிருக்கும் மரச்சட்டம் வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகை வண்டிகளில் அந்த மூக்குப் பகுதிதான் முதலில் நனைகிறது. ஆகவே அங்கு மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள்; அமுங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மேலலமாரிகளைத் திறந்து முகருங்கள். பழைய வண்டிக்குள் நறுமணம் கமழ்ந்தால் எங்களுக்குச் சந்தேகமே வருகிறது. இயன்றால் மழை பெய்த மறுநாள் போவது நல்லது.

இலக்கிய வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஸ்டைன்பெக் நினைவுக்கு வரலாம். 1960இல் சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்த அவர், தம் வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் நோஞ்சான் குதிரையின் பெயரை, ரோசினாந்தே என்று சூட்டினார். ஆனால் வண்டியோ அவருக்கெனப் புதிதாகச் செய்யப்பட்டது! உண்மையான நோஞ்சானை வாங்குகிறவர்கள் வேறு மனிதர்கள். ஜெசிகா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமேட்லாண்ட்’ நூலில் வருவோர் போன்றவர்கள்: 2008 வீழ்ச்சிக்குப் பின் வீட்டு வாடகையோ கடனோ கட்ட முடியாமல் வண்டியில் குடியேறிய முதியவர்கள். கூரை ஒழுகினால் மற்றவர்களுக்கு விடுமுறை கெடும். இவர்களுக்கு வீடே போய்விடும்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் மட்டும், இழுத்துச் செல்லும் வகைகளையும் சேர்த்து 6 லட்சம் ஆர்.வி.க்கள் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. ஆசை தணிந்து ஓரங்கட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு. ‘மைல் குறைவு’ என்ற பல்லவியை அவற்றுக்கும் பாடுவார்கள்.

எங்களைக் கேட்டால், 60,000 மைல் ஓடி, ஒவ்வொரு பழுதுக்கும் ரசீது வைத்திருக்கும் வண்டியையே தேர்ந்தெடுப்போம். யாரோ அதில் வாழ்ந்திருக்கிறார்கள், ஒழுகியபோது அடைத்திருக்கிறார்கள். வாங்குமுன் அதே வகை வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தூங்கிச் சமைத்துப் பார்ப்பது நல்லது. எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக், வீட்டுப் பகுதிக்கு அதற்கெனப் பயின்ற வேறொரு பரிசோதகர் என இருவரை அழைத்துச் செல்லவேண்டும். ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாது. அமோனியாவில் இயங்கும் குளிர்பெட்டி குளிர்வதற்கே பல மணி நேரம் ஆகும் என்பதால், முதல் நாள் இரவே அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள். கூரைமேல் ஏறிப் பார்க்க ஏணி கேளுங்கள். ‘அதெல்லாம் எதற்கு’ என்பவரிடம் விலை பேசவேண்டியதில்லை.